பேச்சா, இசையா: ஒலிப்பதிவைக் கணக்கிட்டுப் பிரிக்கும் முறை

கோயில் விழா மேடைகளில் பதிவான பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றியவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே கோப்பில் முதலில் வரவேற்புரை வரும், பிறகு சுருதி சேர்க்கும் ஓசை வரும், வர்ணம் தொடங்கும், நடுவில் யாரோ மைக்கைப் பிடித்து அன்னதானம் நடக்கும் இடத்தை அறிவிப்பார், அதன்பின் ராகம், தாள வாத்தியம் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கைதட்டல், நன்றியுரை என்று மூன்று நான்கு மணி நேரம் ஓடும். பேச்சை மட்டும் எழுத்தாக்கும் மென்பொருளுக்கு அனுப்பவும் பாட்டுகளைத் தனித்தனியாக வெட்டி வைக்கவும் வேண்டுமென்றால், அத்தனையையும் உட்கார்ந்து கேட்டுக் குறிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. பைத்தானில் எண்கணக்குக்கான நம்பை, ஒலி ஆய்வுக்கான லிப்ரோசா ஆகிய நூலகங்களை ஓரளவு பயன்படுத்தத் தெரிந்தவர் இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பதற்கான வழியைக் கீழே விவரிக்கிறேன். நரம்பியல் வலைப்பின்னல் எதுவும் முதலில் தேவையில்லை. நான்கு அளவைகளும், அவற்றின் எண்களைப் பார்த்துப் பேச்சா இசையா என்று தீர்மானிக்கும் ஒரு எளிய வகைப்படுத்தியும் போதும்.

எந்த நிரலும் எழுதுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். "பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் தண்ணீர் நிரப்பவில்லை" என்ற வாக்கியத்தை இயல்பான வேகத்தில் கைப்பேசியில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். க்க, த்து, ட்டு, க்கா, ட்டி, ப்ப என்று வல்லினம் இரட்டிக்கும் ஆறு இடங்களிலும் அலை ஏறக்குறைய அற்றுப்போய், பத்தில் ஒரு வினாடி அளவுக்குக் கோடு தட்டையாகக் கிடக்கும். வாய் அடைபட்டிருக்கும் நேரம் அது. ண்ணீ, ல்லை ஆகிய இடங்களிலும் எழுத்து இரட்டிக்கிறது. ஆனால் மூக்கு வழியாகவோ நாவின் பக்கவாட்டிலோ காற்று போய்க்கொண்டிருப்பதால் அங்கே ஒலி அறுவதில்லை. பகல் என்ற சொல்லில் வரும் ஒற்றைக் ககரம் உரசொலியாக மெலிந்துவிடுவதால் அங்கும் இடைவெளி தெரியாது. அடுத்ததாக, தம்புராவுடன் பாடிய ஏதாவது ஒரு ஆலாபனையை அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பாடகர் மூச்சு வாங்கும்போதுகூடத் தட்டையான இடம் இராது. தம்புரா அதை நிரப்பிவிடுகிறது. பேச்சையும் இசையையும் பிரிக்கும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காட்சியை வெவ்வேறு கோணங்களிலிருந்து எண்ணாக மாற்றுபவைதாம்.

இந்தத் துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் இரண்டு ஆய்வுகளும் வானொலியை மனத்தில் வைத்தே எழுந்தவை. 1996இல் ஜான் சாண்டர்ஸ், எஃப்.எம். ஒலிபரப்பில் பேச்சையும் இசையையும் நிகழ்நேரத்தில் பிரிக்க, அலை சுழியக் கோட்டைக் கடக்கும் வீதம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையே முதன்மையாக நம்பினார். மறு ஆண்டு எரிக் ஷைரரும் மால்கம் ஸ்லேனியும் 13 அளவைகளைச் சேர்த்துப் பார்த்து, 2.4 வினாடித் துண்டுகளாக எடுத்துக்கொண்டால் பிழை 1.4 சதவீதத்துக்கு இறங்குவதைக் காட்டினார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அமெரிக்க வானொலியில் கிடைத்த எண். நம் ஊர்ப் பதிவுகளில் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆயத்தம்

கோப்பை ஒற்றைத் தடமாக்கி, வினாடிக்கு 16,000 சாம்பிள் (அலையின் உயரத்தை அளந்த புள்ளி) என்ற வீதத்துக்கு மாற்றுங்கள். லிப்ரோசா தானாக 22,050க்கு மாற்றும் வழக்கமுடையது. வேண்டிய வீதத்தை நீங்கள் வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் கீழே உள்ள எண்கள் எதுவும் பொருந்தா. பிறகு ஒலியை 25 மில்லி வினாடி நீளமுள்ள ஃபிரேம்களாக, 10 மில்லி வினாடி நகர்வில் வெட்டுங்கள். ஒரு ஃபிரேமில் 400 சாம்பிள் இருக்கும், அடுத்த ஃபிரேம் 160 சாம்பிள் தள்ளித் தொடங்கும், ஒரு வினாடிக்கு 100 ஃபிரேம் கிடைக்கும். முடிவு எடுப்பதை ஃபிரேம் அளவில் செய்யவே கூடாது. கால் பங்கின் பத்தில் ஒரு பகுதி வினாடியை மட்டும் கேட்டால் நம் காதே 'ஆ' என்பது பேச்சா பாட்டா என்று சொல்லாது. இரண்டு வினாடித் துண்டு, அதாவது 200 ஃபிரேம், முடிவுக்கான அலகாக இருக்கட்டும். அதை அரை வினாடி நகர்வில் முன்னே தள்ளிக்கொண்டு போகலாம்.

கேசட்டிலிருந்து வந்த ஒலியில் அலை முழுவதுமே சுழியக் கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ நகர்ந்து நிற்பதுண்டு. மொத்தச் சராசரியைக் கழித்தால் அது சரியாகும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டிவிட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரமும் ஓரளவு அடங்கும். ஒன்றுமே நடக்காத நீண்ட மௌனங்களை முதலிலேயே தனியாகக் குறித்து விலக்கிவிடுங்கள். மௌனத்தைப் பேச்சு அல்லது இசை என்று தீர்மானிக்கச் சொல்லி நிரலைக் கட்டாயப்படுத்தினால், அது வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

முதல் அளவை: தாழ்ந்த ஃபிரேம்களின் பங்கு

ஒவ்வொரு ஃபிரேமிலும் சாம்பிள்களை இருபடியாக்கிச் சராசரி எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் கணக்கிட்டால் அந்த ஃபிரேமின் வலிமை கிடைக்கும். ஒரு வினாடிக்குள் வரும் 100 ஃபிரேம்களின் வலிமைக்குச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரியில் பாதியைக்கூட எட்டாத ஃபிரேம்கள் எத்தனை என்று எண்ணுங்கள். சராசரி 0.08 என்று வைத்துக்கொண்டால் எல்லை 0.04, அதற்குக் கீழே 45 ஃபிரேம் இருந்தால் விடை 0.45. முன்னே சொன்ன வாக்கியத்தின் தட்டையான இடங்கள் எல்லாம் இந்த எண்ணுக்குள் வந்து சேர்வதால் பேச்சில் இது உயர்ந்தே நிற்கும். சுருதியோடு கூடிய பாட்டிலும் நாகசுரத்திலும் வெகுவாகத் தாழ்ந்துவிடும். எல்லையை அந்தந்த வினாடியின் சராசரியிலிருந்தே எடுப்பதால் பதிவு சத்தமாக இருக்கிறதா மெதுவாக இருக்கிறதா என்பது இந்த அளவையைப் பாதிப்பதில்லை. ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பது என் பரிந்துரை.

இது ஏமாறும் இடம் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தில் ஒவ்வொரு சொல்லும் சட்டென்று எழுந்து அடங்குவதால், குறிப்பாக மெதுவான காலத்தில் வாசிக்கும்போதும் தம்புரா மைக்குக்கு எட்டாதபோதும், இடைவெளிகள் பேச்சைப் போலவே தோன்றும். மறுபக்கம், மின்விசிறி இரைச்சல் நிறைந்த கூடத்தில் பேசிய பேச்சின் இடைவெளிகளை அந்த இரைச்சல் தூர்த்துவிடும். பழைய டேப் ரெக்கார்டர்களில் ஒலி குறையும்போது தானாகவே அதைத் தூக்கிவிடும் அமைப்பு வேறு உண்டு. பேச்சாளர் நிறுத்தி நிறுத்திப் பேசினால் நிறுத்தங்களில் இரைச்சல் மேலெழுவதைக் காதாலேயே கேட்கலாம்.

இரண்டாம் அளவை: சுழியக் கடப்பின் ஏற்ற இறக்கம்

அலை நேர்மறையிலிருந்து எதிர்மறைக்கோ எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கோ மாறுவதை ஒரு கடப்பு என்று எண்ணுகிறோம். 500 ஹெர்ட்ஸ் தனிச் சுரம் வினாடிக்கு 1,000 முறை கடக்கும், ஆகவே 25 மில்லி வினாடி ஃபிரேமில் 25 கடப்பு. பசி என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், அகரமும் இகரமும் ஒலிக்கும் ஃபிரேம்களில் கடப்பு சில பத்துகளில் நிற்கும். நடுவில் சகரம் உரசும்போது ஆற்றல் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடுவதால் அது இருநூறைத் தாண்டும். உயிரெழுத்தில் தாழ்வு, உரசொலியில் உச்சி, மீண்டும் தாழ்வு என்று மாறிமாறி வருவது பேச்சின் கையெழுத்து. ஆகவே சராசரிக் கடப்பைப் பயன்படுத்துவதில் பயனில்லை. இரண்டு வினாடித் துண்டுக்குள் அது எவ்வளவு சிதறுகிறது, அச்சிதறல் ஒரு பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். அடைப்பின் மௌனத்தில் மிஞ்சுவது டேப் இரைச்சல் மட்டுமே என்பதால் அந்த ஃபிரேம்களில் கடப்பு காரணமில்லாமல் எகிறும். வலிமை மிகக் குறைந்த ஃபிரேம்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். இரண்டாவது, ஆங்கிலப் பேச்சுக்கென்று யாரோ கண்டறிந்த எல்லை மதிப்பை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் பன்மைக்கும் வினைக்கும் ஸகர ஈறு வந்துகொண்டே இருக்கிறது. தமிழில் அந்த ஒலி அவ்வளவு அடர்த்தியாக வருவதில்லை. பழைய வகைத் தொலைபேசி இணைப்பில் பதிவான ஒலி 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்டிருப்பதால் அங்கு இந்த அளவையின் பலம் பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாம் அளவை: வினாடிக்கு நான்கு அசைவு

மனிதர் எந்த மொழி பேசினாலும் அசைகள் ஏறத்தாழ வினாடிக்கு நான்கு முதல் ஏழு வரை வருகின்றன. வாய் திறந்து மூடும் அந்த வேகத்தில் ஒலியின் வலிமையும் அலையாக ஏறி இறங்குகிறது. இதைப் பிடிக்க, ஒலியை 40 மெல் பட்டைகளாக (காது உணரும் விதத்துக்கு ஏற்ப வகுத்த அதிர்வெண் பட்டைகளாக) பிரித்து, ஒவ்வொரு பட்டையின் வலிமையையும் வினாடிக்கு 100 புள்ளி கொண்ட ஒரு புதிய வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையை இரண்டு வினாடித் துண்டாக எடுத்து ஃபூரியர் மாற்றம் செய்தால் அரை ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிறமாலை, அதாவது எந்த வேக அசைவில் எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு, கிடைக்கும். 3 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஆற்றலை 0.5 முதல் 20 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஆற்றலால் வகுத்து, 40 பட்டைகளுக்கும் சராசரி எடுத்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு பட்டையிலும் சராசரியை முன்கூட்டியே கழித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

நூல்களில் இந்த அளவைக்கு நல்ல பெயர் உண்டு. கர்நாடக இசைப் பதிவில் அந்தப் பெயர் கெட்டுப்போகும், அதற்குக் காரணமும் தெளிவானது. ஆதி தாளத்தை வினாடிக்கு ஒரு அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) என்ற சௌக்கியமான வேகத்தில் போட்டுக்கொண்டு சதுஸ்ர நடையில் கல்பனா சுரம் (மேடையிலேயே கற்பனையாகக் கோக்கும் சுர வரிசை) பாடினால், அட்சரத்துக்கு நான்கு சுரம், அதாவது துல்லியமாக 4 ஹெர்ட்ஸ்! பேச்சுக்கென்று வெட்டி வைத்த ஜன்னலில் கல்பனா சுரம் நேராக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேறுபாடு எங்கே என்றால், தாளத்துக்கு உட்பட்ட ஒலியில் அந்த ஆற்றல் 4 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 8 ஹெர்ட்ஸிலும் ஊசிபோல் குவிந்திருக்கும், பேச்சில் 3 முதல் 8 வரை மேடாகப் பரவியிருக்கும். எனவே மொத்த ஆற்றலோடு, அந்தப் பகுதியின் உச்சப் புள்ளிக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தையும் தனி அளவையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு வினாடி போதாது, நான்கு வினாடித் துண்டு எடுத்தால்தான் ஊசி ஊசியாகத் தெரியும்.

நான்காம் அளவை: நிலைத்து நிற்கும் கோடுகள்

நேரம் போகப்போக எந்தெந்த அதிர்வெண்கள் ஒலிக்கின்றன என்று வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் தம்புராவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நோட்டுப் புத்தகக் கோடுகளைப் போலப் படுக்கையாகக் கோடுகள் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றரைக் கட்டைச் சுருதி என்றால் ஆதார சட்ஜம் சுமார் 139 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 277, 416, 554 என்று மேலே போகும். பேச்சிலும் இப்படி மடங்குகள் உண்டு, ஆனால் குரலின் சுருதி ஒவ்வோர் அசையிலும் வளைவதால் கோடுகள் எல்லாம் சேர்ந்து வளையும், அறுபடும். 25 மில்லி வினாடி ஃபிரேமில் அதிர்வெண்ணை 40 ஹெர்ட்ஸுக்கு நுணுக்கமாகப் பிரிக்க முடியாது என்பதால் இந்த ஒரு அளவைக்கு மட்டும் 2,048 சாம்பிள், அதாவது 128 மில்லி வினாடி ஃபிரேம் பயன்படுத்துங்கள். அப்போது பிரிப்பு 8 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். 100 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை உச்சிகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து ஒரு கட்டத்துக்கு (அதாவது 8 ஹெர்ட்ஸுக்கு) மேல் நகராமல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள். 300 மில்லி வினாடிக்கு மேல் நீடிக்கும் உச்சிகளின் பங்குதான் அளவை. 100 மில்லி வினாடி என்று எல்லையைக் குறைத்தால், ஃபிரேமே 128 மில்லி வினாடி நீளம் என்பதால் எல்லா ஒலியும் நிலைத்து நிற்பதாகத் தோன்றும்.

பாடகரின் குரல் கமகத்தால் ஆடிக்கொண்டே இருக்கும், அதை மட்டும் பார்த்தால் பேச்சைவிட அதிகமாக வளையும். காப்பாற்றுவது தம்புராதான். ஹரிகதை செய்பவர் சுருதிப் பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே கதை சொல்லும்போது இதே காப்பாளர் காலை வாரிவிடுவார். கோடுகள் இசை என்கின்றன, இடைவெளியும் அசைவும் பேச்சு என்கின்றன.

நிறமாலையின் ஈர்ப்பு மையம், அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இடையே நிறமாலை மாறும் அளவு போன்ற வேறு பல அளவைகளும் லிப்ரோசாவில் ஓரிரு வரிகளில் கிடைக்கும். சேர்த்துக்கொள்ளலாம், தவறில்லை. மேலே உள்ள நான்கும் சொல்லாத எதையும் அவை பெரிதாகச் சொல்லக் கண்டதில்லை.

பயிற்சியும் அதில் நான் செய்த பிழையும்

ஒவ்வொரு துண்டுக்கும் அளவைகளின் சராசரியையும் சிதறலையும் சேர்த்தால் பத்துக்கு உட்பட்ட எண்கள் கிடைக்கும். அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும் எளிய வகைப்படுத்தியான லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்குக் கொடுங்கள். ஷைரரும் ஸ்லேனியும் வெவ்வேறு வகைப்படுத்திகளை ஒப்பிட்டபோதே அவற்றுக்கிடையே வேறுபாடு சிறிதாகத்தான் இருந்தது; உழைப்பை அளவைகளிலும் குறியிட்ட தரவிலும் செலவிடுவது நல்லது. இரண்டு மணி நேரப் பேச்சும் இரண்டு மணி நேர இசையும் கையால் குறித்து வைத்துக்கொண்டால் தொடங்கிவிடலாம். வெளியில் கிடைக்கும் தொகுப்புகளில் ஜார்ஜ் ட்சானெட்டாகிஸ் தொகுத்த, 30 வினாடி நீளமுள்ள 120 துண்டுகள் கொண்ட சிறு தொகுப்பு நிரல் ஓடுகிறதா என்று பார்க்க ஏற்றது.

முதல் முறை நான் பேச்சுக்குக் கணினியில் நேரடியாகப் பதிவு செய்த உரைகளையும் இசைக்கு என் கேசட்டுகளையும் எடுத்துக்கொண்டேன். சோதனையில் பிழையே இல்லை என்று தோன்றியது. மறுநாள் ஒரு கேசட்டின் கடைசியில், ஆள் யாரும் இல்லாமல் வெறுமனே ஓடிய பகுதியை நிரல் மிகுந்த உறுதியோடு இசை என்று குறித்திருந்தது. அது கற்றுக்கொண்டது டேப் இரைச்சலை. பேச்சும் இசையும் ஒரே வகைப் பதிவுகளிலிருந்து வர வேண்டும் என்பதையும், ஒரே கச்சேரியின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடாமல் முழுப் பதிவுகளாகவே பிரித்து வைக்க வேண்டும் என்பதையும் இதன் பிறகுதான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

குறியிடும்போதே சில முடிவுகளை எடுத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மிருதங்கச் சொற்களை வாயால் தாளத்தோடு சொல்லும் கொன்னக்கோல் பேச்சா இசையா? தாளமின்றிப் பாடும் விருத்தத்தை எதில் சேர்ப்பது? வில்லுப்பாட்டில் வசனமும் பாட்டும் ஒரே மூச்சில் மாறுகின்றனவே? இவற்றுக்கு அறிவியல் விடை கிடையாது. எதற்காகப் பிரிக்கிறீர்கள் என்பதே விடை. எழுத்தாக்குவதற்காக என்றால் வில்லுப்பாட்டின் வசனம் பேச்சு, கொன்னக்கோல் இசை. 'பேச்சு அல்லது இசை' என்று ஒரே கேள்வியாகக் கேட்பதைக் கைவிட்டு, 'பேச்சு இருக்கிறதா', 'இசை இருக்கிறதா' என்று இரண்டு தனிக் கேள்விகளாக்கி இரண்டு வகைப்படுத்திகளைப் பயிற்றுவித்தால் பின்னணி இசையோடு வரும் எஃப்.எம். விளம்பரமும் சுருதிப் பெட்டியோடு வரும் கதையும் தொல்லை தருவது வெகுவாகக் குறையும். கைதட்டலுக்கும் மூன்றாவதாக ஒன்று வையுங்கள். அகன்ற இரைச்சலாக ஒலிக்கும் கைதட்டல் எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

வெட்டுதல்

அரை வினாடிக்கு ஒரு முறை கிடைக்கும் முடிவுகள் நடுக்கத்தோடு இருக்கும். ஒன்பது முடிவுகளை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுக்கும் வடிகட்டி முதல் நிலையில் உதவும். அதோடு, பேச்சு நிலைக்குள் நுழைய 0.7, வெளியேற 0.3 என்று இரண்டு எல்லைகள் வைத்தால் நிரல் மனம் மாறிக்கொண்டே இருக்காது. ஐந்து வினாடிக்குக் குறைந்த எந்தப் பகுதியையும் அக்கம்பக்கத்தோடு சேர்த்துவிடுங்கள், ஆனால் அறிவிப்புகளைத் தேடுபவர் அந்த எண்ணை இரண்டாகக் குறைக்க வேண்டும். "பலே" என்ற ஒற்றைச் சொல் எப்படியும் தொலைந்துதான் போகும். இரண்டு வினாடித் துண்டை வைத்துத் தீர்மானிப்பதால் எல்லை ஒரு வினாடி முன்பின்னாக விழும். எல்லையின் இரு பக்கமும் ஒன்றரை வினாடிக்குள் வலிமை மிகக் குறைந்த ஃபிரேமைத் தேடி அங்கே வெட்டினால் சொல்லின் நடுவிலோ சங்கதியின் நடுவிலோ கத்தி விழாது.

ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகளும் உண்டு. கூகுள் வெளியிட்ட யாம்நெட், 16 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 0.96 வினாடித் துண்டுகளாகப் பார்த்து 521 வகை ஒலிகளுக்கு மதிப்பெண் தரும். பேச்சும் இசையும் அவற்றில் இரண்டு. பேச்சுக்கு ஒரு முறையும் இசைக்கு வேறொரு முறையும் கொண்டு சுருக்கும் ஓப்பஸ் ஒலிவடிவம், 2018இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து இந்தத் தீர்மானத்தைச் சிறிய நரம்பியல் வலைப்பின்னலிடம் விட்டிருக்கிறது. யாம்நெட்டையும் உங்கள் நான்கு அளவைகளையும் ஒரே பதிவில் ஓடவிட்டு, இரண்டும் முரண்படும் இடங்களை மட்டும் தனிப் பட்டியலாக எடுங்கள். நான்கு மணி நேரக் கச்சேரியையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலையும், மதிப்பெண் 0.4க்கும் 0.6க்கும் இடையே தடுமாறும் துண்டுகளையும் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் போதும். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் எந்த அளவை ஏமாந்தது என்று ஒரு சொல்லில் குறித்து வாருங்கள். 'தனி', 'சுருதிப் பெட்டி', 'மின்விசிறி' என்று மூன்று நான்கு சொற்களே திரும்பத் திரும்ப வரும், அடுத்து எந்தப் பதிவிலிருந்து பயிற்சித் துண்டுகள் எடுக்க வேண்டும் என்பது அந்தச் சொற்களிலேயே இருக்கும்.